வினைச்சொல் வரும்வரை

பகலில் நான் காதுக்கருவி விற்கிறேன்,
வுப்பர்டாலில், தொங்கு ரயில் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில்.
"இப்ப கேட்குதா?" என்று
ஒரு நாளில் நாற்பது தரம் கேட்பேன்.
இரவிலும் அதே கேள்விதான்.
கையில் மைக் இருக்கும்.

ஐந்து நிமிடம்.
அதற்காக ஹாகன் போயிருக்கிறேன், சீகன் போயிருக்கிறேன்.
போகுமில் ஒரு பௌலிங் கூடத்தின் பின்னறையில்
கட்டைகள் சரியும் சத்தத்துக்கு நடுவே
இடைவெளி பார்த்துப் பார்த்துப் பேசியிருக்கிறேன்.
சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ
பத்தையும் ஒரே உருட்டில் விழுத்தினார்கள்.
அன்றைய ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

முடிவில் தொப்பி சுற்றி வரும்:
பதினொரு யூரோ, நாற்பது சதம், ஒரு சட்டைப் பொத்தான்.
ரயிலுக்குப் போக வரப் பதினெட்டு.
பொத்தானை வைத்திருக்கிறேன்.
வருமானவரிப் படிவத்தில்
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஜேர்மன் மொழியில் பகிடி எழும்பாது என்று
ஜேர்மன்காரரே சொன்னார்கள்.
எனக்கு எழும்பியது.
அவர்களுடைய துணைவாக்கியத்திலும் வினைச்சொல்
கடைசியாக வந்துதான் குந்தும்,
எங்களுடையதைப் போல.
அவன் அவளை நேற்றுச் சந்தையில் எல்லாரும் பார்க்க...
என்ன செய்தான்?
அடித்தானா, அணைத்தானா, கடன் கேட்டானா?
சபை வாயைத் திறந்து காத்திருக்கும்
அந்த அரைக் கணம்தான் என் பிழைப்பு.

நாலாம் நிமிடத்தில் ஒரு பகிடி வைத்திருந்தேன்:
அம்மா பேக்கரியில் ஜேர்மன் பேசுவது.
உதட்டைக் கோணி, குரலை மேலே ஏற்றி,
"பாண்" என்று தொடங்கினாலே சிரிப்பார்கள்.
மூன்று வருடம். ஒருநாளும் கைவிட்டதில்லை.
பிறகு சீகனில், மேடையை விட்டு இறங்கி
நான் தண்ணீர் வாங்க நிற்கையில்
ஒருவன் வந்து அம்மாவைப் பேசிக் காட்டினான்.
என்னைவிட நன்றாகச் செய்தான்.

அதை எடுத்துவிட்டேன்.
நிகழ்ச்சி நடத்தும் யென்ஸ் தலையில் கைவைத்தார்:
"அம்மாவை எடுக்காதே நிரோஜினி,
உன் வீட்டு வாடகையே அவதான்."
வாடகையா? பொத்தான் என்று சொல்லும்.

பழைய சாயப்பட்டறை நிலவறை. முப்பத்தொரு கதிரை, பத்தொன்பது பேர்.
நாலாம் நிமிடத்தில் புதிய பகிடி.
விழுந்தது.
விழுந்த சத்தம்கூட இல்லை.
நான் எண்ணினேன்: ஒன்று, இரண்டு,
ஐந்தில் யென்ஸ் தன் சப்பாத்தைப் பார்க்கத் தொடங்கினார்,
ஏழில்
கீ... என்று ஒரு விசில்.

மூன்றாம் வரிசையில் ஹெர் பிரிங்மான்.
எண்பத்தொரு வயது, இடது காது, என் கடைக் கருவி.
"பயப்படாதீர்கள்," என்றேன்,
"அது என் வாடிக்கையாளர்.
உத்தரவாதம் மார்ச் மட்டும் இருக்கிறது."
யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் யாரோ.
இறங்கிப் போய்
ஒரு விரலால் கருவியை உள்ளே தள்ளி,
மைக்கை இருவருக்கும் நடுவே பிடித்து,
"இப்ப கேட்குதா?"

"நன்றாகக் கேட்குது," என்றார்.
"பகிடி எத்தனை மணிக்குத் தொடங்கும்?"

நிலவறை உடைந்தது.
ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சிரிப்பு,
அதுவும் அவருடையது.

ஆற்றுக்கு மேலே தலைகீழாய்த் தொங்கிப் போகும் ரயிலில்
பில்லின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதினேன்,
விசில் உட்பட.
அடுத்த வியாழன் ஹாகனில் சொல்லிப் பார்த்தேன்.
விசிலை நானே வாயால் அடித்தேன்.
ஒரு நாய் மட்டும் திரும்பியது.

திங்கட்கிழமை பிரிங்மான் கடைக்கு வந்தார்.
பற்றரிக்கு அல்ல; பாதிப் பங்கு வேண்டுமாம்.
பொத்தானைக் கொடுத்தேன்.
ரசீது கேட்டார்.

நாலாம் நிமிடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.
நாளைக்குச் சோலிங்கன்.
வெளிச்சம் கண்ணைக் குத்த,
நான் அந்த ஒரு நிமிடத்தை
கதிரைகளுக்கு முன்னால் எல்லாரும் பார்க்க
மெல்ல